சுண்ணாம்புக்கல் வழியே ஒரு பயணம்

ஆஸ்திரேலியாவில் மெல்பர்னிலிருந்து அடிலெய்டுக்கு நேர்வழியில் ஒரே நாளில் காரில் போய்விடலாம். நிலப்படத்தை விரித்து நான் வகுத்த கடலோரப் பயணத்திற்கோ ஆறு நாள்கள் வேண்டும்.

முதல் மூன்று நாள்கள் 'கிரேட் ஓஷன் ரோடு' என்னும் சாலைக்கு. சுமார் 240 கிலோமீட்டர் நீளமுள்ள இதனை, முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1919 முதல் 1932 வரை உழைத்து, மாண்ட தோழர்களின் நினைவாக அமைத்தனர். சாலைக்குக் கல்லுடைத்தவரின் மகனான எனக்கு, அதனை விரைந்து கடக்க மனம் வருமா?

அங்கே கடலில் நிற்கும் 'பன்னிரு அப்போஸ்தலர்' என்னும் சுண்ணாம்புக்கல் தூண்களை அலைகள் அரிக்கின்றன. 2005இல் ஒன்று சரிந்தது. அடுத்த இரு நாள்கள், கரையிலிருந்து சற்று உள்ளே அமைந்த கூனவாராவில். அங்கும் சுண்ணாம்புக்கல்தான், ஆனால் மெல்லிய செம்மண்ணுக்கு அடியில்! நீர் தேங்காது வடிவதால் திராட்சை செழிக்கிறது. அதன் மது உலகப் புகழ் பெற்றது.

ஆறாம் நாள் அடிலெய்டு. இரத்தத்தில் ஆல்கஹால் 0.05 விழுக்காட்டை எட்டினாலே அங்கு வண்டி ஓட்டுவது குற்றம். மது அருந்தாத நானே ஓட்டுநர். சுவைப்பது நண்பர்கள் பாடு!

நண்பர்களே, ஊரைச் சேர ஒரு நாள் போதும். வழியை அறிய ஆறு நாளும் குறைவே.