கூடங்குளம் கணினியில் வடகொரியக் கைவரிசை

கன்னியாகுமரி மாவட்டம் மயிலாடியிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் கூடங்குளம் 25 கிலோமீட்டர்கூட இல்லை. அந்த அணுமின் நிலையத்தின் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்திருப்பதை 2019 செப்டம்பர் 4 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் கண்டறிந்து, நிலையத்தை நடத்தும் அணுமின் கழகத்துக்குத் தெரிவித்தது. நமக்குத் தெரிந்ததோ அக்டோபர் இறுதியில். 29ஆம் தேதி நிலைய நிர்வாகம் மறுத்தது. 30ஆம் தேதி அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது.

தீநிரலின் பெயர் டி-டிராக். விசைப்பலகையில் தட்டுவதைப் பதிவுசெய்யும். வட்டில் இருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும். எந்தெந்த வலையமைப்போடு தொடர்பு என்று நோட்டமிடும். உடைப்பது அதன் வேலையல்ல, உளவு பார்ப்பதே வேலை. வெளியில் கிடைத்த அதன் மாதிரிக்குள் கூடங்குளத்தின் பெயர்ச் சுருக்கம் கொண்ட பயனர் கணக்கு எழுதப்பட்டிருந்தது. தற்செயலாக வந்து ஒட்டிய கிருமி அல்ல என்பதற்கு அதுவே சான்று.

அனுப்பியது யார்? இணைய முகவரியை நம்ப முடியாது. எந்த நாட்டுக் கணினியையும் கைப்பற்றி அங்கிருந்து தாக்கலாம். ஆனால், உளி வேலையைப் பார்த்தே எந்தப் பட்டறைச் சிலை என்று மயிலாடிச் சிற்பிகள் சொல்வதுபோல, நிரல் எழுதிய கையையும் அடையாளம் காணலாம். 2013இல் தென்கொரியாவைத் தாக்கிய நிரல்களோடு டி-டிராக் ஒத்துப்போவதை காஸ்பர்ஸ்கி என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் கண்டது. அது வடகொரியாவின் லாசரஸ் என்ற இணைய ஊடுருவல் குழுவின் பாணி. 2016இல் வங்கதேச மத்திய வங்கியிலிருந்து 8.1 கோடி டாலரைச் சுருட்டியதும் இதே குழு என்கிறது அமெரிக்கா.

பொருளாதாரத் தடைகளில் சிக்கிய நாட்டுக்கு இத்தகைய இணையத் திருட்டு ஒரு வருமானம். மற்ற நாடுகளின் கதை வேறு. இணையக் குற்றங்கள் எந்தெந்த நாடுகளிலிருந்து வருகின்றன என்று 92 வல்லுநர்களிடம் கேட்டுத் தயாரிக்கப்பட்டு 2024இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் ரஷ்யா, உக்ரைன், சீனா, அமெரிக்கா, நைஜீரியா, ருமேனியா முதல் ஆறு இடங்களில் இருக்கின்றன. வடகொரியா ஏழாவது. இந்தியா பத்தாவது. கணினி படித்தும் தகுந்த வேலை இல்லாத இளைஞர்களும், கண்டுகொள்ளாத காவல்துறையும் சேரும் இடத்தில் இந்தத் தொழில் வேர்பிடிக்கிறது.

கூடங்குளத்தில் பாதிக்கப்பட்டது இணையத்தோடு இணைந்த நிர்வாகக் கணினிதான். உலையை இயக்கும் வலையமைப்பு தனியே இருக்கிறது என்றது அணுமின் கழகம். அந்தப் பிரிப்பு அவசியம். ஆனால் அது மட்டும் போதாது. ஈரானின் நதான்ஸ் யுரேனிய ஆலையும் அப்படிப் பிரிக்கப்பட்டதுதான். 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், பென் டிரைவ் வழியாகவும் பரவக்கூடியது. அங்கே மையவிலக்கு இயந்திரங்களையே அது நாசமாக்கியது. இதெல்லாம் தெரிந்த நிர்வாகம், சுற்றுவட்டார மக்களிடம் எட்டு வாரம் வாய் திறக்காமல் இருந்தது சரியல்ல.