அலமாரி சாயாமல் இருக்க

குழந்தைக்கு வீட்டில் ஆபத்து எங்கிருந்து வரும் என்று கேட்டால், அடுப்பு, வெந்நீர், மருந்துப் போத்தல் என்று தாய்மார்கள் உடனே சொல்லிவிடுவார்கள். சுவரோரம் சும்மா நிற்கும் அலமாரியை யாரும் சொல்வதில்லை. அது சாய்ந்தும் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், உலகெங்கும் கடைகள் வைத்திருக்கும் ஐக்கியா நிறுவனம், அமெரிக்காவில் விற்ற ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம் இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சில அலமாரிகள் குழந்தைகள்மேல் சாய்ந்து உயிர்ச்சேதம் நேர்ந்ததே காரணம். இத்தகைய அலமாரிகள் எளிதில் சாயாதவையாக இருக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் அந்நாட்டில் சட்டமே இயற்றப்பட்டது.

கனமான அலமாரி சின்னக் குழந்தைக்கு எப்படிச் சாயும்? இழுப்பறையை, நாம் லாச்சி என்கிறோமே, அதைக் குழந்தை படிக்கட்டாக நினைக்கிறது. இழுத்து அதன்மேல் ஏறுகிறது. ஒரு கணக்குப் பார்ப்போம். அலமாரியின் எடை 30 கிலோ, ஆழம் 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். துணியோடு 6 கிலோ எடையுள்ள ஒரு லாச்சியை 30 சென்டிமீட்டர் இழுத்தாயிற்று. மீதி 24 கிலோ, முன்காலுக்கு 20 சென்டிமீட்டர் பின்னால் இருந்து அலமாரியைப் பிடித்துவைக்கிறது. பெருக்கினால் 480. முன்னே வந்த லாச்சியின் நடுப்பாகம் முன்காலைத் தாண்டி 10 சென்டிமீட்டரில் நிற்பதால் அதன் பங்கு 60. லாச்சியின் விளிம்பில், 30 சென்டிமீட்டருக்கு அப்பால், 15 கிலோ எடையுள்ள குழந்தை ஏறினால் 450. இரண்டும் சேர்ந்து 510. ஏற்றப்பலகையில் கனத்த பக்கம் தாழ்வதைப்போல அலமாரி முன்பக்கம் கவிழ்ந்துவிடும். இரண்டு மூன்று லாச்சிகள் திறந்திருந்தால் இன்னும் எளிதில் கவிழும். மேலே தொலைக்காட்சிப் பெட்டி இருந்தால் அதுவும் சேர்ந்து விழும். அடியில் சிக்கிய குழந்தைக்கு மூச்சு முட்டிவிடும்; கத்த முடியாது. அடுத்த அறையில் இருப்பவர்களுக்குக்கூடத் தெரியாமல் போகலாம்.

பெற்றோர் கொழுந்தெடுக்கச் சென்றிருக்க, தம்பி தங்கையைப் பெரிய பிள்ளை பார்த்துக்கொள்ளும் வீடுகளில் இதை நாம் மறக்கக்கூடாது. பரிகாரம் எளியது: அலமாரியின் மேற்பகுதியைச் சுவரோடு பிணைத்துவிட வேண்டும். அதற்கு உலோகக் கோணத்தகடு அல்லது உறுதியான நாடா போதும். ஒரு முனையை அலமாரியின் கெட்டியான மேற்சட்டத்தில் பூட்டுங்கள். பின்புறத்து மெல்லிய பலகையில் பூட்டினால் பிய்ந்துவிடும். நாடா தொய்வில்லாமல் இருக்கட்டும்.

சுவர் எப்படிப்பட்டது என்பதுதான் அடுத்த கேள்வி.

கல் சுவர் என்றால் துளையிட்டு, பிளாஸ்டிக் செருகி வைத்துத் திருகாணியை முடுக்கலாம். பூச்சில் மட்டும் நிற்காமல் செங்கல்லுக்குள் ஆணி செல்ல வேண்டும். பலகை வீடு என்றால் மெல்லிய பலகையை நம்பாமல் அதன் பின்னே நிற்கும் மரத்தூணில் பூட்டுங்கள்.

புதிய வீடுகளிலும் அறை பிரித்த வீடுகளிலும் ஜிப்சம் பலகைச் சுவர் இருக்கும். இரண்டு தாள்களுக்கு நடுவே ஜிப்சம் மாவை வைத்து இறுக்கிய பலகை அது. கனம் சுமார் 12 மில்லிமீட்டர். வெறும் திருகாணி அதில் பிடிக்காது, இழுத்தால் மாவு உதிர்ந்து கையோடு வந்துவிடும். பலகைக்குப் பின்னால் 40 அல்லது 60 சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சட்டங்கள் நிற்கின்றன. விரலால் தட்டிப் பாருங்கள்: வெற்றிடத்தில் 'டொக்' என்று கூடு போல ஒலிக்கும், சட்டத்தின்மேல் ஒலி அடங்கும். காந்தத் துண்டை மெல்ல நகர்த்தினால், பலகையைப் பிடித்திருக்கும் ஆணித்தலைகளில் ஒட்டிக்கொண்டு சட்டத்தைக் காட்டிக்கொடுக்கும். மரச்சட்டமானால் ஆணி அதற்குள் குறைந்தது 25 மில்லிமீட்டர் இறங்கட்டும். சட்டம் தகரமானால் அதற்குரிய திருகாணியே வேண்டும்.

அலமாரி நிற்கும் இடத்தில் சட்டம் இல்லாவிட்டால்? இரண்டு சட்டங்களுக்கும் எட்டும்படி ஒரு மரரீப்பரைக் குறுக்கே பூட்டி, அலமாரியை அந்த ரீப்பரில் பிணைத்துவிடுங்கள். சுவருக்குப் பின்னே இறக்கை விரித்துப் பிடிக்கும் போல்ட்டும் உண்டு. ஆனாலும் சட்டத்தில் பிடித்த பிடியே பிடி.

இரண்டு எச்சரிக்கைகள். பழைய வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருக்கக்கூடும். அதில் துளையிடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். அப்படிப்பட்ட சுவரருகே உயரமான அலமாரியே வேண்டாம். மின்சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் துளையிடாதீர்கள். உள்ளே கம்பி ஓடும்.

கியா பார்ம் போன்ற மலைப்பகுதியில் பனியும் மழையும் ஓயாது. ஈரத்தில் ஜிப்சம் இளகிப் பிடி தளரும், ஆணி துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத ஆணியாகக் கேட்டு வாங்குங்கள். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது ஒருமுறை அசைத்துப் பார்த்து, தளர்ந்திருந்தால் முடுக்குங்கள்.

ஆணி வாங்கும்வரை காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. கனமான பொருள்களைக் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். மிட்டாயையும் பொம்மையையும் அலமாரி உச்சியில் ஒளித்து வைக்காதீர்கள். அதுவே பிள்ளையை ஏறத் தூண்டும். தரை மேடுபள்ளமாக இருந்தால் அலமாரி ஆடாதபடி காலுக்கு ஆப்பு வையுங்கள்.

தோட்ட வீடானால் துளையிடுமுன் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. பிள்ளையின் பாதுகாப்புக்காக என்று காரணத்தைச் சொல்லுங்கள். வேலை தெரிந்த அண்டை வீட்டார் ஒருவர் துளைக்கும் கருவியோடு வந்தால், ஞாயிற்றுக்கிழமை ஒரு காலைப்பொழுதில் பல வீட்டு அலமாரிகளைப் பூட்டிவிடலாம். நான்கு ஆணிகளின் விலை பெரிதல்ல. ஓடியாடும் நம் பிள்ளையின் உயிருக்கு அது காவல்.