கண்டிக் கிண்ணத்துள் கார்கள்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கப் போர்வீரர் பலர்க்குக் குடியிருக்க வீடில்லை. 1947இல் நியூயோர்க் நகருக்குக் கிழக்கே, லோங் ஐலன்ட் உருளைக்கிழங்கு வயல்களில், லெவிட் கம்பனியார் அச்சில் வார்த்தாற் போன்ற வீடுகளைக் கட்டத் தொடங்கினர். சில ஆண்டுகளில் அவை 17,000ஐத் தாண்டின. வரிசையாய் ஒரேவித வீடுகள் என்றதும் நம் வாசகர்க்குத் தேயிலைத் தோட்டத்து லயம் நினைவுக்கு வரலாம். அதுவன்று, தனி வீடு, சுற்றிலும் புற்றரை, வாசலிலே ஒரு கார். (கறுப்பினத்தார் குடியேற ஒப்பந்தத்திலேயே தடை இருந்தது.) 1956இல் 41,000 மைல் நெடுஞ்சாலைக்குச் சட்டம் இயற்றப்பட்டது. காரின்றி அங்கே வாழ்வு நடவாது என்றாயிற்று.

கண்டியிலும் இக்கதை நிகழ்ந்தது. சற்றுப் பிந்தி, வேறு விதமாக. 1952இல் பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்தது. 1977இல் இறக்குமதி தளர்ந்தபின் ஜப்பானிய வாகனங்கள் பெருகின. 1985இல் விக்டோரியா அணை திறக்கப்பட்டுப் பழைய தெல்தெனிய நீரில் மூழ்க, திகனப் பக்கம் புதிய குடியிருப்புகள் எழுந்தன. குண்டசாலையிலும் பிலிமத்தலாவையிலும் காணிகள் பேர்ச் கணக்கில் துண்டாடப்பட்டன. அத்தகைய துண்டு ஒன்றிலேதான் நாமும் குடியிருக்கிறோம் என்பதை மறைப்பானேன்?

அமெரிக்காவில் வீடுகளின் பின்னே கடைகளும் பாடசாலைகளும் சென்றன. இங்கோ வீடுகள் மட்டுமே வெளியேறின. பெயர் பெற்ற கல்லூரிகள், பெரியாஸ்பத்திரி, சந்தை, கச்சேரி யாவும் மலைகள் சூழ்ந்த அதே கிண்ணத்துள் இருந்துவிட்டன. பேராதனை, கட்டுகஸ்தோட்டை, தென்னக்கும்புர என வாயில்கள் சிலவே. நடுவிலோ ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் அமைத்த வாவி. 1998 ஜனவரியில் தலதா மாளிகை முன் குண்டு வெடித்தபின் அவ்வீதி வாகனங்களுக்கு மூடப்பட, சுமை முழுவதும் வாவியின் மறுகரைப் பாதைமேல் விழுந்தது. மலையைக் குடைந்தாலன்றி அகலப்படுத்த இடமில்லை. காலை ஏழு மணிக்கு ஏழெட்டு மைல் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறது. பின்னாசனத்தில் பிள்ளைகள் சாய்ந்து உறங்குகின்றனர்.

2022 ஜூலையில் பெற்றோல் கிடையாமற் போனபோது, 1867 முதல் கண்டிக்கு ஓடும் புகையிரதம் நமக்கு நினைவுக்கு வந்தது. நெரிசலில் நின்றே பிரயாணஞ் செய்தோம்; ஆனாலும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எண்ணெய் வந்ததும் மீண்டும் காரில் ஏறிக்கொண்டோம்.

அண்மையில் ஒரு மழைநாட் காலை, கெட்டம்பேயில் நம் கார் அசையாது நின்றது. உள்ளே நாம் ஒருவர் மட்டுமே. கண்ணாடியில் பார்த்தால், நான்கு கார்களுக்குப் பின்னே கலஹா பஸ். அதன் மிதிபலகையில் நனைந்தபடி தொங்கிக்கொண்டிருந்தான் நம் வகுப்பு மாணவன் ஒருவன். தோட்டத்துப் பிள்ளை, விடியுமுன்னே மலையிறங்கி அந்த பஸ்ஸைப் பிடிப்பவன். நாமே மணியடித்தபின்தான் போய்ச் சேர்ந்தோம். அவன் இன்னும் பிந்தி வந்து, காரணம் கேட்கப்படுமென்று வாசலில் நின்றான்.

நாம் கேட்கவில்லை.