கோடையும் காவிரி மணலும்



கோடை என்றவுடன் திருச்சிராப்பள்ளியில் வாழ்வோர்க்கு முதலில் நினைவுக்கு வருவது வெயிலே. கடற்காற்று எட்டாத உள்நாட்டு நகரம் நம்முடையது. சித்திரையிலும் வைகாசியிலும் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைக் கடப்பது இங்குப் புதுமையன்று. ஆயினும், ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் வளர்ந்து, ஆசிரியப் பயிற்சி பெற்று, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்ற நான், கோடையை இன்பப் பருவம் என்றே சொல்வேன். அவ்வின்பங்கள் எவ்வாறு உண்டாகின்றன, அவற்றிற்கு நாம் கொடுக்க வேண்டிய விலை யாது என்பதைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

முதலில் நம் ஊரின் அமைப்பைக் காண்போம். மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. வடபால் செல்வது கொள்ளிடம்; தென்பால் செல்வது காவிரி. இரண்டிற்கும் நடுவே தீவாக அமைந்தது ஸ்ரீரங்கம். காவிரியின் தென்கரையில் மலைக்கோட்டை நிற்கின்றது. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட பின்னர், நம் ஆற்றில் நீர் வருவதும் நிற்பதும் பெரும்பாலும் அணையின் மதகுகளைப் பொறுத்தனவாயின. பாசனத்திற்காக வழக்கமாக ஜூன் 12-ஆம் நாள் அணையைத் திறப்பார்கள். நீர் இருப்புக் குறைந்த ஆண்டுகளில் அந்நாள் தள்ளிப்போகும். ஆதலால் கோடையில் ஆறு பெரும்பாலும் மணல் வெளியாகவே கிடக்கும். வெளியூரார் அதைக் கண்டு வறட்சி என்பர். எங்களுக்கோ அதுவே விளையாடுமிடம். அதுவே விருந்து மண்டபம்.

நான் சிறுவனாயிருந்த காலத்தில், சித்திரை நிலவு காயும் நாட்களில், உற்றாரும் அண்டை வீட்டாருமாக அம்மா மண்டபத்துறை வழியே மணலில் இறங்குவோம். புளியோதரை, தயிர்ச்சோறு, மாவடு, வெள்ளரிப்பிஞ்சு ஆகியவையே விருந்து. நண்பகலில் கால் வைக்க இயலாத மணல், இரவு எட்டு மணிக்குப் பஞ்சணை போல் இருக்கும். மலைக்கோட்டைப் பாறையோ அந்நேரத்திலும் சுடும். இவ்வேற்றுமைக்குக் காரணம் என்ன?

பாறை இடைவெளியற்றது. பகல் முழுதும் பெற்ற வெப்பம் அதனுள் ஆழ இறங்கித் தங்கி, இரவில் மெல்ல மெல்ல வெளிவருகின்றது. மணலிலோ துகளுக்கும் துகளுக்கும் இடையே காற்று நிற்கின்றது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே வெப்பம் மேற்பரப்பிலேயே தங்கி, கதிரவன் மறைந்ததும் விரைவில் நீங்கிவிடுகின்றது. பகலிலேயே நான்கு விரற்கடை தோண்டிப் பாருங்கள். அடிமணல் அவ்வளவு சுடாது.

இன்னும் ஆழமாகத் தோண்டினால் ஊற்று. மேலே ஓட்டம் நின்றாலும், மணலுக்கடியில் நீர் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு முழம் தோண்டியதும் குழியில் நீர் சுரக்கும். முதலில் சுரப்பது கலங்கல். கொட்டாங்கச்சியால் இரண்டு மூன்று முறை இறைத்துவிட்டால், அடுத்துச் சுரப்பது தெளிந்திருக்கும். மணலே வடிகட்டி. நம் மாநகருக்குக் குடிநீர் தரும் கிணறுகள் ஆற்றுப்படுகையிலேயே அமைந்திருப்பதும் இந்தக் காரணம் பற்றியே.

வீட்டு மூலையிலிருக்கும் மண்பானையும் ஒரு சிறு ஊற்றுத்தான். அதன் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகின்றது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வளவும் பானையிலுள்ள நீரிலிருந்தே எடுக்கப்பட்டால், 58 கிராம் நீர் 10 டிகிரி குளிர்ந்துவிடும். நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரம் மிகுதியாதலின் பானை இவ்வளவு குளிர்வதில்லை. நம்மை வருத்தும் வறண்ட காற்றே நம் பானையைக் குளிர்விக்கின்றது!

இவ்வின்பங்களுக்குக் காசு வேண்டாம். அவை கேட்கும் விலை வேறு. அதை நான் காலங்கடந்தே உணர்ந்தேன்.

எனக்கு 1987-இல் திருமணம் நடந்தது. என் துணைவியார் ஆறில்லாத ஊரில் பிறந்தவர். முதற் கோடையில் அவரை மணலுக்கு அழைத்துச் சென்றேன். வளையல்களை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டு, தாமே ஊற்றுத் தோண்டி, நீர் சுரந்ததும் குழந்தை போல் சிரித்தார். அடுத்த ஆண்டு முதல் எனக்கு விடைத்தாள் திருத்தம், மாணவர் சேர்க்கை, சிறப்பு வகுப்பு என வேலைகள் பெருகின. ஒவ்வொரு சித்திரையிலும் அவர் கேட்பார். “ஆறு எங்கே போய்விடப் போகிறது? அடுத்த கோடையில் பார்க்கலாம்” என்பேன். இப்படியே இருபது கோடைகளுக்கு மேல் கழிந்தன.

ஓய்வு பெற்றபின் நானே அழைத்தேன். அப்போது அவருக்கு முழங்கால் வலி. மணலில் நடத்தல் ஆகாது என்றார் மருத்துவர். ஆறும் பழைய ஆறாக இல்லை. கட்டடங்களுக்காகக் காவிரியிலும் கொள்ளிடத்திலும் மணல் அள்ளிய இடங்களில் படுகை தாழ்ந்தது. ஊற்றும் ஆழத்திற்குப் போயிற்று. நாணலும் முட்செடியும் மண்டின. ஆறு எங்கும் போகாது என்று நான் சொன்னது பிழை.

சென்ற கோடையில் பேரக்குழந்தைகளையும் அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிச் சென்றோம். துணைவியார் படித்துறையிலேயே அமர்ந்துகொண்டார். “அங்கே வேண்டாம், தாழ்வான இடமாகப் பார்; இன்னும் ஆழமாகத் தோண்டு” என்று மேலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு முழத்திற்கு மேல் தோண்டியபின் ஈரம் கண்டது; பிறகு நீர் கண்டது. பேத்தி கொட்டாங்கச்சியில் அந்நீரை ஏந்திப் படியேறி வந்தாள். வழியில் பாதி சிந்திவிட்டது. எஞ்சியதைத் துணைவியார் முகத்தில் தெளித்துக்கொண்டு சிரித்தார். 1987-இல் கண்ட சிரிப்பு அதுவே. இடையில் எத்தனை சிரிப்பை இழந்தேன் என்று எண்ணிக்கொண்டேன்.

மாணவச் செல்வங்களே! இந்தக் கோடையில் ஒரு மாலைப் பொழுதை உங்கள் வீட்டாருக்கென்று ஒதுக்குங்கள். பாட்டி தாத்தாவையும் நண்பர்களையும் அழைத்துச் செல்லுங்கள். ஊற்று நீரில் விளையாடலாம்; காய்ச்சாமல் பருக வேண்டாம். அணை திறந்தபின் ஆற்றில் இறங்காதீர்கள். நீருக்கடியிலுள்ள பள்ளங்கள் கண்ணுக்குத் தெரியா. ஆற்று மணல் வெறும் கட்டடப் பொருளன்று, அது நம் நீரைக் காத்து வைக்கும் பெட்டகம் என்பதைப் பிறருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

வெயில் அடுத்த ஆண்டும் தவறாமல் வரும். மணலும் உடன் வருவோரும் அவ்வாறே இருப்பர் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே, “அடுத்த கோடையில் பார்க்கலாம்” என்று மட்டும் சொல்லாதீர்கள்.