தொப்புளுக்கு நேரே ஒரு வெட்டு

கிள்ளானிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கணவர் ஒல்லி, எடையும் சரியாகத்தான் இருக்கிறதாம். சிறுநீரகக் கல்லுக்காக ஸ்கேன் எடுத்த இடத்தில் 'உள்ளே கொழுப்பு அதிகம்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒல்லியான உடம்பில் கொழுப்பு எங்கே இருக்கும் என்பது அவர் கேள்வி.

தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பை விரலால் பிடித்துப் பார்க்கலாம். குடலையும் மற்ற உறுப்புகளையும் சுற்றி, வயிற்றுத் தசைச்சுவருக்கு உள்ளே சேர்வது பிடிக்கு அகப்படாது. இனிப்பு நீர், மாரடைப்பு என்று வம்புகளை இழுத்துவருவதில் இதற்குத்தான் பெரிய பங்கு. எடைபார்க்கும் கருவிக்கு இரண்டும் ஒன்றே. புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் மருத்துவர் யுட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்கள் உடம்புகளையே காட்சிக்கு வைத்தார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. எக்ஸ்ரே முறையில் அளந்தபோது யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கோ 21.2. நம் இந்திய உடம்பின் கதை அந்த ஒரு பக்கத்திலேயே முக்கால்வாசி வந்துவிட்டது.

கொழுப்பு எவ்வளவு என்பதோடு, எங்கே என்றும் தெரிய வேண்டுமானால் சி.டி. ஸ்கேன் உதவும். பசாரில் தெங்கிரி மீனைக் குறுக்கே துண்டு போடும்போது தோல், சதை, முள், குடல் இருந்த குழி எல்லாம் ஒரே வட்டத்தில் தெரியுமே, அப்படி உடம்பைக் கத்தியில்லாமல் துண்டு போட்டுக் காட்டும் கருவி அது. இசைத்தட்டு விற்ற இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கியது; 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படம்பிடித்தது. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000, எலும்புக்குப் பல நூறு. கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. ஆகவே அதன் எண்கள் பூச்சியத்துக்குக் கீழே, ஏறத்தாழ −190க்கும் −30க்கும் இடையில் விழும். அந்த எண்ணுள்ள புள்ளிகளுக்கு மட்டும் வண்ணமடித்து, தசைச்சுவருக்கு உள்ளே எத்தனை, வெளியே எத்தனை என்று எண்ணினால் கணக்கு முடிந்தது. வயிறு முழுவதையும் அளக்கத் தேவையில்லை, தொப்புளுக்கு நேரே ஒரே வெட்டு போதும் என்று ஒசாகா பல்கலைக்கழகத்தார் 1983இல் காட்டினார்கள். உள்கொழுப்பின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டரைத் தாண்டினால் ஜப்பானில் எச்சரிக்கை.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி சூமோ மல்லர்கள். அதே ஒசாகா குழுவின் மட்சுசாவா அவர்களையும் ஸ்கேனில் படுக்க வைத்தார். சாதாரண ஆளைப்போல இரண்டு மடங்கு, அதற்கும் மேல் சாப்பிடுகிறவர்கள், மலைபோன்ற வயிறு. உள்ளே பார்த்தால் கொழுப்பில் பெரும்பகுதி தோலுக்கடியில்தான். உறுப்புகளைச் சுற்றி இருந்தது கொஞ்சமே, இரத்தச் சர்க்கரையும் பெரும்பாலும் ஒழுங்கு. காலையிலிருந்து மோதி உருளும் பயிற்சிதான் காரணம் என்கிறார்கள். களத்திலிருந்து ஓய்வு பெற்று, பயிற்சி நின்று, சாப்பாடு மட்டும் நிற்காமல் போனால் கொழுப்பு உள்ளே குடியேறுகிறது. பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு நேராக நாற்காலிக்குத் திரும்பும் நாம், சூமோ மல்லர் தின்பதில் பாதிகூடத் தின்பதில்லை. ஆனால் வயிற்றின் உள்பக்கத்தை ஒப்பிட்டால் தோற்பது நாமாகத்தான் இருக்கும்.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் பாதிப்பேர் எடை மிகுந்தவர்கள். இந்தியர்களில் மூன்றில் ஒருவருக்கு அருகே இனிப்பு நீர். கல்லுக்கும் குடல்வாலுக்கும் எத்தனையோ வயிறுகள் ஸ்கேனுக்குள் போய்வருகின்றன. தொப்புள் மட்ட வெட்டு அந்தப் படங்களிலேயே கிடக்கிறது, ஆனால் கொழுப்பின் பரப்பை அறிக்கையில் எழுதுவது அபூர்வம். இது எனக்குப் பெரிய வீண் என்று படுகிறது. அதற்காக, கொழுப்பை அளக்கவென்றே சி.டி. எடுக்கப் போகாதீர்கள், கதிர்வீச்சு சும்மா வாங்கிக்கொள்ளும் பொருளல்ல. எம்.ஆர்.ஐ.யில் அந்தத் தொல்லை இல்லை, செலவுதான் தொல்லை. ஏற்கெனவே எடுத்த படம் இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள், கொழுப்பு கல்லீரலிலா, குடலைச் சுற்றியா என்று.

படம் இல்லாதவர்களுக்குத் தையல்காரரின் டேப் இருக்கிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். ஆசியர்களில் ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. 'நான் இன்னும் 32 சைஸ்தான்' என்பதெல்லாம் செல்லாது. நம் ஆண்கள் பேண்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறவர்கள். அங்கே 32 அங்குலம் என்றால், மேலே டேப் 37 காட்டினாலும் ஆச்சரியமில்லை.