கலங்கிய நீரும் தெளிவுக்குளமும்

புத்தளம் கடற்கரையில் உப்பு விளைப்போர் களப்பு நீரை நேரே பாத்திகளிற் பாய்ச்சுவதில்லை. முதலில் ஒரு தேக்கத்தில் நிறுத்தி, சேறு அடியிற் படிந்த பின்னரே அப்பாற் செலுத்துவர். ஓட்டந் தணிந்தால் நீரிலுள்ள திண்மம் தானே கீழிறங்கும். ஆலைக் கழிவுநீரைத் தெளிவிக்கும் வட்டத் தொட்டிகளும், அவற்றின் அடியிற் சுழன்று மண்டியை நடுக்குழிக்கு வழித்துத் தள்ளும் அலகுகளும் இத்தத்துவத்தின்மேல் எழுந்தனவே.

துணிக்கை வீழும் வேகத்தை ஸ்தோக்ஸ் என்னும் அறிஞர் 1851 இல் கணித்துக் காட்டினார். விட்டம் பாதியானால் வேகம் காற்பங்காகக் குறையும். அசையா நீரில் 0.1 மில்லிமீற்றர் மணல் ஒரு மீற்றர் ஆழத்தை ஏறக்குறைய 2 நிமிடத்திற் கடக்கும்; அதிற் பத்திலொரு பங்கு விட்டமுடைய துகளுக்கு 3 மணி நேரமளவு வேண்டும்; நூற்றிலொரு பங்கான களித்துகளுக்கோ பத்து நாளும் போதாது. கலங்கிய நீர்க் குடத்தினுள்ளே தேற்றாங்கொட்டையை உரைத்த நம் முன்னோர், நுண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பருமனாக்கினர். ஆலைகளிற் படிகாரம் செய்வதும் அதுவே.

தொட்டியை ஆழமாக்கினால் மிகுதியாகப் படியும் என்று எவருக்குந் தோன்றும். அஃது அவ்வாறன்று. படிவின் அளவை நிருணயிப்பது மேற்பரப்பே என்று ஹேசன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 1904 இல் விளக்கினார். ஆழம் மண்டி தங்குவதற்கே பெரிதும் உதவும். இடம் குறுகிய ஆலைகளில் தொட்டியினுள் சாய்தகடுகளை அடுக்கி அப்பரப்பைப் பெருக்குவர்.

இவ்வுண்மை இறால் வளர்ப்போருக்குக் கசப்பானது. 1980களில் முந்தல் களப்பையும் ஒல்லாந்தர் கால்வாயையும் அண்டிப் பண்ணைகள் பெருகின. ஒரே கால்வாயில் நீர் எடுத்தனர். உணவெச்சமும் கழிவும் கலந்த நீரை அதிலேயே விட்டனர். ஒருவன் கழித்தது அயலவன் குளத்திற் புகுந்தது. 1996 இல் வெண்புள்ளி நோய் பரவிப் பண்ணைகள் பல பாழாயின. தெளிவுக்குளம் அந்நோய்க்கு மருந்தன்று. தனித்து மிதக்கும் நச்சுயிரி எத்தனை நாள் நிறுத்தினும் படியாது. ஆயினும் துகளோடு ஒட்டிச்செல்வதைத் தடுக்கலாம். கால்வாயின் அடியில் அழுகுபொருள் சேர்வதையும் குறைக்கலாம். அதற்கு அகன்ற நிலம் வேண்டும். அந்நிலத்தில் இறால் விளையாது. ஆதலின் உடையோர் அதனை ஒதுக்கத் தயங்குவதில் வியப்பில்லை. ஒரு மூலையை ஆழத் தோண்டிவிட்டு அமைதி கொள்வது வீண்செலவே.

குளம் அமைத்தபின்னும் வேலை முடிவதில்லை. ஆலையில் அலகு இடையறாது செய்யும் பணியை இங்கே மண்வெட்டியே செய்யவேண்டும். வாரிய மண்டியைக் கால்வாய்க் கரையிலேயே கொட்டினால், அடுத்த மாரி அதனைத் திரும்பவும் கால்வாய்க்குள் சேர்த்துவிடும்.