ஆவ் மாதத்து ஒன்பதாம் நாள்

யூத நாட்காட்டியின் ஆவ் மாதத்து ஒன்பதாம் நாளாகிய ‘திஷா பஆவ்’, எருசலேமில் சாலமோன் கட்டிய ஆலயத்தைப் பாபிலோனியர் அழித்ததையும், கி.பி. 70இல் இரண்டாம் ஆலயத்தை உரோமர் எரித்ததையும் ஒருசேர நினைந்து யூதர்கள் துக்கம் காக்கும் நாளாகும். கதிரவன் மறைவதில் தொடங்கி மறுநாள் இருட்டும் வரை, ஏறத்தாழ 25 மணி நேரம், உணவும் நீரும் மட்டுமின்றி, குளித்தல், எண்ணெய் பூசுதல், தோல் காலணி அணிதல், தாம்பத்திய உறவு ஆகியவையும் விலக்கப்படுகின்றன. நோயுற்றோர் உண்பதற்கு விதி இடமளிக்கிறது.

நோன்புக்கு முந்தைய கடைசி உணவாக, சாம்பலில் தொட்ட ரொட்டியையும் அவித்த முட்டையையும் தரையில் அமர்ந்து உண்பது பலரது வழக்கம். இரவில் தொழுகைக்கூடத்தின் விளக்கொளி தணிக்கப்பட்டு, மக்கள் தரையிலோ தாழ்ந்த இருக்கையிலோ அமர்ந்திருக்க, ‘ஏகா’ எனப்படும் புலம்பல் நூல் துயர இசையில் ஓதப்படுகிறது.

இந்நாளின் விதிகளுள் மிக ஆழமானது, தோரா எனப்படும் திருச்சட்டத்தைக் கற்பதற்கான தடையே எனலாம். திருநூற்கல்வி உள்ளத்தை மகிழ்விக்கும் என்பதால் அந்த இன்பமும் துறக்கப்பட்டு, யோபுவின் நூல், எரேமியாவின் துயரப் பகுதிகள், துக்க விதிகள் போன்றவையே கற்கப்படுகின்றன. ஒருவருக்கொருவர் முகமன் கூறுவதும் இல்லை. நண்பகலுக்குப் பின் துக்கம் சற்றே தளர, நாற்காலிகளில் அமர்கின்றனர். ஆயினும் ஆலயம் பத்தாம் நாளிலும் எரிந்துகொண்டிருந்தது என்னும் மரபையொட்டி, நோன்பு முடிந்த பின்னரும் இறைச்சியையும் திராட்சை மதுவையும் உடனே தொடாதிருப்போர் பலர்.